யோபு புதனன்று வந்த கோடித்துணி

குருத்தோலை ஞாயிறன்றே எங்களுக்கெல்லாம் சாவுப் பூசை முடிந்துவிடும். அடுத்து வருகிற பாடுகளின் வாரத்தில் செத்தவனுக்குத் தூபம் கிடையாது, தனிச் சடங்கு கிடையாது. அந்த வாரம் முழுக்கக் கோயில் தன் ஆண்டவரின் சாவைத் தவிர வேறு எவன் சாவையும் கவனிக்காது. அதனால் ஞாயிறு பூசை முடிந்த கையோடு, உயிரோடு நிற்கிற அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு பொதுச் சாவுப் பூசை வைத்துவிடுவார் எங்கள் சாமியார் அபூனா பிஸந்தி. ஓலையில் பின்னிய சிலுவையையும் கழுதையையும் ஆட்டிக்கொண்டு பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கும். பீடத்துத் திரையைக் கறுப்பாக மாற்றுவார்கள். அபூனா தண்ணீர் தெளித்துக்கொண்டே வருவார். முகத்தில் ஒரு துளி பட்டால் போதும், அந்த வாரம் தைரியமாகச் சாகலாம்.

கத்தாஸ் எப்போதும் போலக் கடைசித் தூணோடு ஒட்டி நின்றான். ஐம்பதைத் தாண்டியவன். குவாரிக்காரன் என்பது மீசையைப் பார்த்தாலே தெரியும். எத்தனை முறை கழுவினாலும் மயிருக்குள் சுண்ணாம்புக் கல்லின் வெள்ளை மிச்சம் இருக்கும். எங்கள் ஊர் நஸ்லத் பாகூமில் எல்லா ஆண்களும் அப்படித்தான். நைல் ஆற்றுக்குக் கிழக்கே மலை, மலையில் குவாரி, குவாரியை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

சாபித் அவன் பின்னால் வந்து நின்றான். குவாரியில் ஒரே இயந்திரத்தில் வேலை செய்கிறவன். வாயை மூட முடியாதவன்.

"கத்தாஸு, ஒந்தம்பிய மின்யாவுல பாத்தேன்."

கத்தாஸ் திரும்பவில்லை.

"நெஞ்சாஸ்பத்திரி வாசல்ல ஒக்காந்திருந்தான். ஆளு அரை ஆளா இருக்கான். கல்லுத் தூசி நுரையீரல்ல அடைச்சிருச்சாம். டாக்டர் கைய விரிச்சிட்டாரு. ஊருக்கு வாரேன்ங்கான்."

"என்னைக்கு?"

"உசுரு இருக்கயிலதான வரணும்? இந்த வாரந்தான்."

தண்ணீர் வந்து கத்தாஸின் நெற்றியில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை.

"பொதுப் பூசையத் தவற விட்டுட்டானே, பாவி," என்றான் சாபித். "இதுக்கு முந்தின வாரமே வந்திருக்கலாம்ல. செத்தாலும் நேரம் பாக்கத் தெரியாத பய."

ஜரீஃப் கத்தாஸின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவன். அண்ணன் மகனைக் கொன்றுவிட்டு ஊரைவிட்டுப் போனவன் என்று ஊர் அவனைச் சொல்லும். வேண்டுமென்று கொன்றான் என்று யாரும் சொல்லவில்லை. போதை மாத்திரை போட்டுக்கொண்டு, ஆள் அடியில் இருப்பதைப் பார்க்காமல் இயந்திரத்தை ஓட்டிவிட்டான் என்று சொன்னார்கள்.

நடந்தது வேறு. அது அண்ணனுக்கும் தம்பிக்கும் மட்டும் தெரியும்.

கல் அறுக்கும் இயந்திரம் தண்டவாளத்தில் நகரும். அடியில் ரம்பச் சக்கரங்கள் சுழலும். அன்று சக்கரத்தில் ஒரு கல் சில்லு சிக்கியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு வனீஸ் குனிந்து அடியில் போனான். வனீஸ் கத்தாஸின் மகன். வேறு பிள்ளை இல்லை. மீசை அரும்பிக்கொண்டிருந்த வயது. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சுவிட்சுப் பெட்டி பக்கத்தில் கத்தாஸும் ஜரீஃபும் நின்றார்கள். கத்தாஸ் அந்த நாட்களில் மாத்திரை போடுவான். குவாரியில் பாதிப் பேர் போடுவார்கள். இடுப்பு வலி தெரியாது. கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். அன்றும் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. சுவிட்சைப் போட்டது.

ஜரீஃப் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். அணைத்த கையை எடுக்காமல் பெட்டியோடு நின்றுவிட்டான். ஆட்கள் ஓடிவந்தபோது கத்தாஸ் மகனை மடியில் கிடத்தியிருந்தான். "யார்லே போட்டது?" என்று மேஸ்திரி கத்தினார். "நான்தான்," என்றான் ஜரீஃப். "மாத்திரை போட்டிருந்தேன்." கத்தாஸ் வாயைத் திறக்கவில்லை.

மகனின் ரத்தம் கையில் காய்வதற்குள் வாய் வரவில்லை என்பதை மன்னிக்கலாம். அதற்குப் பிறகும் வரவில்லை. போலீஸ் வந்தபோது வரவில்லை. தம்பியைச் சிறையில் அடைத்தபோது வரவில்லை. தம்பி வெளியே வந்து, ஊருக்குத் திரும்பாமல், கெய்ரோவில் பளிங்குப் பட்டறைக்குப் போனான் என்று கேள்விப்பட்டபோதும் வரவில்லை. எட்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த எட்டு வருஷத்தில் கத்தாஸ் ஒருமுறைகூட நற்கருணை வாங்கவில்லை. அவன் செய்த ஒரே நேர்மையான காரியம் அதுதான்.

---

கத்தாஸின் மனைவி இன்ஷிராஹ் அடுப்படியில் குத்த வைத்து, பெரிய வெள்ளிக்கு முளைகட்டுவதற்காக மொச்சைப் பயறைக் கழுவிக்கொண்டிருந்தாள். கறுப்பு உடுப்பு. மகன் போனதிலிருந்து வேறு நிறம் உடுத்தவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களை அன்றே திருப்பி அனுப்பிவிட்டவள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பொருள் உண்டு: பழிக் கணக்கு இன்னும் முடியவில்லை என்று பொருள்.

கத்தாஸ் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான்.

"வனீஸம்மா, ஜரீஃப் வாரானாம்."

அவள் கை நிற்கவில்லை. "எங்க?"

"ஊருக்கு."

"ஊர்ல அவனுக்கு யாரு இருக்கா?"

"ஒடம்பு முடியலயாம். ரொம்ப நாள் தாங்காதாம்."

"நல்லது." சொத்தைப் பயறு ஒன்றை எடுத்து எறிந்தாள். "ஞாயித்துக்கெழமப் பூசையிலயும் இல்ல. தூபம் இல்லாமப் போவட்டும். எம்புள்ளைக்குத் தூபம் போட்டாங்க, பொட்டியத் தொறந்து மொகத்தக் காட்டல."

"வனீஸம்மா."

"வாசப்படி ஏறுனான்னா கொதிக்கிற தண்ணிய மூஞ்சியில ஊத்துவேன். நோன்பு நாளுன்னு பாக்க மாட்டேன். பெறகு வாரத ஆண்டவருகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

 அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ என்ன மனுசன்? ஒரு நாளாவது அவன வஞ்சிருக்கியா? ஒத்த வார்த்த? நான் வைய வைய நீ சொவத்தப் பாத்துட்டு ஒக்காந்திருப்ப. பெத்தவன் ரத்தம் இப்படியா கெடக்கும்?"

"செத்தவன் திரும்பி வருவானா."

"அது எனக்குத் தெரியாதா? எனக்கு அவங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்? நீ தூரத்துல இருந்தேன்னு சொன்ன. அவந்தான பக்கத்துல நின்னான். அதச் சொல்லிட்டு அவன் எங்க வேணா போய்ச் சாவட்டும்."

கத்தாஸ் வெளியே வந்து கழுதைக்குத் தண்ணீர் வைத்தான். கழுதை ஏற்கெனவே குடித்திருந்தது.

---

பாடுகளின் வாரம் என்று குவாரி முதலாளி இயந்திரத்தை நிறுத்துவதில்லை. வெளிச்சம் வருவதற்கு முன்பே பிக்கப் வண்டியில் நின்றுகொண்டே மலைக்குப் போக வேண்டும். வெயில் ஏறினால் தரை, சுவர், வானம் எல்லாம் ஒரே வெள்ளை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் வேலை செய்ய முடியும். முகத்தைத் துணியால் சுற்றியிருப்பதால் யார் யார் என்று கண் இமையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மணிக்கட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி பச்சை குத்திய சிலுவை. அதை வைத்து அடையாளம் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சாபித் காய்ந்த ரொட்டியை உப்பில் தொட்டுக்கொண்டு சொன்னான்:

"நாளான்னிக்குப் பெரிய வியாழன். இந்த வருசமாவது நற்கருணை வாங்குவியா, இல்ல வழக்கம்போல விரதத்த முறிச்சுத் தண்ணி குடிச்சிருவியா?"

"பாப்போம்."

"ஒவ்வொரு தடவயும் காலையில தண்ணி குடிச்சிட்டேன், தண்ணி குடிச்சிட்டேன்ங்க. நைல் ஆறு எறங்கிட்டே போகுதுன்னு ரேடியோவுல சொல்லுதானே, அது அணைக்கட்டால இல்லடே. ஒன்னாலதான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். கத்தாஸும் சிரிக்கப் பார்த்தான். தூசி தொண்டையில் ஏறி இருமினான். இருமும்போது தம்பியின் நெஞ்சு ஞாபகம் வந்தது. பிறகு அன்று முழுக்க, சுவிட்சைப் போடும் முன் இரண்டு தரம், மூன்று தரம் குனிந்து இயந்திரத்தின் அடியைப் பார்த்தான். மேஸ்திரி வைதார்.

அவனுடைய பயத்தை நான் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். தம்பி செத்துவிடுவானோ என்று அவன் பயப்படவில்லை. சாகிறவன் எதையும் மறைக்க வேண்டியதில்லையே, அவள் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லிவிடுவானோ என்றுதான் பயந்தான். ஊர் வருவதற்குள் வழியிலேயே தம்பியின் மூச்சு நின்றால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்தது தெரிந்ததும் பிடித்திருந்த கம்பியைக் கீழே போட்டான்.

சாயங்காலம் பிக்கப்பிலிருந்து கோயில் பக்கம் இறங்கிக்கொண்டான். அபூனா பிஸந்தி முற்றத்துக் குழாயடியில் நின்று தன் காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இரவு வரை நின்றே வாசிக்க வேண்டிய வாரம். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"அபூனா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. நின்னுக்கிட்டே கேளு. ஒக்காந்தா நான் தூங்கிருவேன்."

"ஞாயித்துக்கெழமப் பொதுப் பூசைக்கு வராதவன் இந்த வாரம் செத்துட்டா?"

"யாரு, ஜரீஃபா?"

"யாரோ."

"பொதுன்னா பொதுதாம்ப்பா. கதவுக்கு உள்ள நின்னவனுக்கு மட்டும்னு நான் எங்கயும் வாசிக்கல."

"பெரிய பாவியா இருந்தாலும்?"

"பாவம் இல்லாதவன் ஒருத்தன் ஒங்க குவாரியில இருந்தாக் கூட்டிட்டு வா. நான் அவங்கிட்டப் பாவ அறிக்கை பண்ணிக்கிடுதேன்." அபூனா குழாயை மூடினார். "ஒனக்கு என்ன வேணும், கத்தாஸ்? தம்பியப் பத்தி மட்டும் கேக்க வந்த மூஞ்சியா இது தெரியல."

கத்தாஸ் தரையைப் பார்த்தான்.

"வியாழக்கெழம ஊர்க்காரங்க கால நான் கழுவுவேன். வந்து ஒக்காரு. நற்கருணை வாங்குறது வாங்காதது பெறகு. ஆண்டவரு யூதாஸ் காலையுந்தான் கழுவுனாரு. தெரிஞ்சேதான் கழுவுனாரு."

"கழுவி என்ன ஆச்சு அபூனா? அவன் போய்க் காட்டித்தான குடுத்தான்?"

அபூனா மேலங்கி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"காட்டிக் குடுத்தான். பேதுருவுந்தான் தெரியாதுன்னு சத்தியம் பண்ணுனாரு. யூதாஸ் கெட்டது காட்டிக் குடுத்ததால இல்லன்னு எனக்குத் தோணுது. திரும்பி வரல, அதனால. வந்திருந்தா அவனையும் சேத்துக்கிட்டிருப்பாரு."

கத்தாஸின் வாய் திறந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கோயில்பிள்ளை, விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று கத்தினார். "எண்ண வாங்கி வைக்கக்கூட நானே போகணும்," என்று முனகிக்கொண்டு அபூனா ஈரக் காலோடு உள்ளே போனார். கத்தாஸின் வாய் மூடிக்கொண்டது. எட்டு வருஷமாக மூடிப் பழகிய வாய்.

---

மறுநாள் யோபு புதன். புண்பட்ட யோபு பச்சிலை தேய்த்துக் குளித்துச் சுகமானார் என்று எங்கள் வீடுகளில் அன்று பச்சிலை தேய்த்துக் குளித்துவிட்டு, பச்சைக் கோதுமையை வேகவைத்துச் சாப்பிடுவோம். யூதாஸ் விலை பேசிய நாளும் அதுதான். அவன் முத்தத்தால் காட்டிக்கொடுத்தான் என்பதால், செவ்வாய் பொழுது இறங்கியதிலிருந்து சனி இரவு உயிர்ப்புப் பெருநாள் பூசை வரை எவரும் எவரையும் முத்தமிட மாட்டோம். பெற்ற பிள்ளையைக்கூட முத்தமிட மாட்டோம். மன்னிப்புக் கேட்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி தலையில் முத்தமிடுவது. அந்த நாட்களில் அதுவும் முடியாது.

நடுப்பகலில் சாபித்தின் செல்போன் அடித்தது. பேசிவிட்டு இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினான்:

"ஒந்தம்பி படகுத் துறையில எறங்கிட்டான். கையில கோடித்துணியோட!"

கொன்றவன் தனக்குப் போர்த்த வேண்டிய கோடித்துணியைத் தானே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடும் வெறுந்தலையோடும், செத்தவன் வீட்டு வாசலில் போய் நிற்பது எங்கள் பக்கத்தில் ரத்தப் பழியை முடிக்கிற வழக்கம். 'என் சாவு உங்கள் கையில்' என்று பொருள். வீட்டார் துணியைக் கையில் வாங்கினால் உயிரை விட்டுவிட்டார்கள். விவகாரம் அத்தோடு முடிந்தது. கிறிஸ்தவன், முஸ்லிம் எல்லாருக்கும் அதே வழக்கம். ஆனால் சொந்த அண்ணன் வீட்டுக்குத் தம்பி துணி கொண்டுவந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதுவும் பாடுகளின் வாரத்தில்.

மேஸ்திரி கத்துவதைக் கேட்காமல் கத்தாஸ் பிக்கப்பில் ஏறினான். சாபித்தும் ஏறினான்.

ஜரீஃப் துறைக்கு மேலே சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மடியில் மடித்த வெள்ளைத் துணி. கால் பாதம் கொப்புளித்திருந்தது. அவனைப் பார்த்ததும் கத்தாஸுக்கு அப்பாவின் கடைசி நாட்கள் ஞாபகம் வந்தன. இரண்டு தோளும் காதுவரை ஏறி, மூச்சை இழுக்க உடம்பு முழுவதும் வேலை செய்தது.

"வந்துட்டியா, அண்ணே," என்றான் ஜரீஃப். "சாபித்து, நீ கொஞ்சம் தள்ளி நில்லு. ஒங்காதுல விழுந்தா மின்யா வரைக்கும் போயிரும்."

சாபித் வண்டிப் பக்கம் போனான். கத்தாஸ் தம்பிக்கு முன்னால் குந்தினான்.

"வேண்டாம்லே. திரும்பிப் போயிரு. நானே கொண்டு விடுதேன்."

"எங்க? ஆஸ்பத்திரியில கட்டில் வேற ஆளுக்கு வேணும்னுட்டான்."

"அவ ஒன்னய உள்ள விட மாட்டா."

"உள்ள விட வேண்டாம். துணிய வாங்கிக்கிட்டாப் போதும். அப்பா கல்லறையில எனக்கு ஒரு எடம் வேணும். அவ வாங்காட்டி ஒரு பய என்னத் தூக்க மாட்டான்." மூச்சு வாங்கினான். "பயப்படாத. நான் ஒண்ணும் சொல்ல வரல."

கத்தாஸ் தலை குனிந்தான். தன் பயம் தம்பிக்குத் தெரிந்திருந்தது.

"ஏன்லே அன்னைக்கு அப்படிச் சொன்ன?"

"கேக்க எட்டு வருசமாச்சா ஒனக்கு?" ஜரீஃப் சிரித்தான்; சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் ஆனது. "யோசிச்சா சொன்னேன்? மடியில புள்ளயப் போட்டு வச்சிருக்கவன் தலையில இதயும் தூக்கி வைக்க முடியுமா? சாயங்காலத்துக்குள்ள நீயே சொல்லிருவன்னு நெனச்சேன். பெறகு நாப்பதாம் நாள் பூசைக்குள்ள சொல்லிருவன்னு நெனச்சேன். செயில்ல இருக்கயில, பெருநாளைக்குள்ளன்னு நெனச்சேன். அப்புறம் பழகிப் போச்சு."

"எம்மேல கோவம் இல்லயா?"

"இல்லாமயா? பட்டறையில ஒவ்வொரு கல்லுலயும் ஒன்னத்தாண்டே அறுத்தேன். இப்ப மூச்சுக்கே பத்தல. கோவத்துக்கு எங்க போறது. எந்திரி. கையக் குடு."

பிக்கப்பில் ஏறச் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. துணி கொண்டுபோகிறவன் நடந்துதான் போக வேண்டும். இருவரும் நடந்தார்கள். ஒருவன் தோல் செருப்போடு, ஒருவன் வெறுங்காலோடு. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஜரீஃப் சுவரில் சாய்ந்து நின்றான். துணியை மட்டும் தாழ்த்தவில்லை. அது மண்ணில் படக் கூடாது. வாசல்தோறும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். யாரும் வணக்கம் சொல்லவில்லை. பின்னால் கூட்டம் சேர்ந்துகொண்டே வந்தது. கத்தாஸின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. 

இன்ஷிராஹ் வாசலில் நின்றாள். கையில் கோதுமை கிண்டிய அகப்பை. யாரோ முன்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தார்கள்.

ஜரீஃப் படிக்குக் கீழே மண்டியிட்டான். கைகளை உயர்த்தினான்.

"மதினி."

"நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திருக்க," என்றாள் அவள். "யூதாஸ் நாளு."

"முத்தத்துக்கு வரல, மதினி. துணிய மட்டும் வாங்கிக்கோ."

"வாங்கிக்கடி," என்றாள் பக்கத்து வீட்டு நாஷித் அம்மா. "ஆளப் பாரு. நீ ஊதுனா விழுந்துருவான்."

"ஒம்புள்ள வீட்டுல தூங்குறான். நீ பேசாத." இன்ஷிராஹ் ஒரு படி இறங்கினாள். "நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. பெறகு வாங்குறதா வேண்டாமான்னு பாக்கலாம். நீதான சுவிட்சுகிட்ட நின்ன. எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்?"

ஜரீஃபின் மார்பு ஏறி இறங்கியது. இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. சுவிட்சை அணைக்கப் பாய்ந்தவன். அந்தச் சத்தத்தில் அவன் காதில் எதுவும் விழவில்லை.

"யம்மான்னான்," என்றான்.

"எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"யம்மான்னுதான் சொன்னான், மதினி."

"பொய். அஞ்சு வயசுல தேள் கடிச்சப்பகூட அவன் யம்மான்னு கத்தல. அவனுக்கு எப்பவும் அவன் அப்பந்தான். என்ன சொன்னான்? ஒனக்குத் தெரியாதா? பக்கத்துல நின்ன ஒனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

 ஜரீஃபின் கண் ஒரு தடவை அண்ணன் பக்கம் போய்த் திரும்பியது. அவன் அறியாமல் போனது. இன்ஷிராஹ் அந்தக் கண் போன இடத்தைப் பார்த்தாள்.

கத்தாஸ் செருப்பைக் கழற்றினான்.

ஏன் கழற்றுகிறான் என்று யாருக்கும் புரியவில்லை. தலைத் துணியையும் அவிழ்த்துச் செருப்பின் மேல் வைத்தான். வந்து தம்பியின் கையிலிருந்து கோடித்துணியைத் தன் இரண்டு கையாலும் வாங்கினான். கூட்டம் பெருமூச்சு விட்டது. "வாங்கிட்டான்! அண்ணங்காரன் வாங்கிட்டான்! ஆண்டவருக்கு மகிமை!" என்றான் சாபித். ஒரு பெண் குலவை போடத் தொடங்கி, என்ன வாரம் என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கத்தாஸ் துணியோடு திரும்பினான். மனைவியின் முன்னால், தம்பி மண்டியிட்டிருந்த அதே மண்ணில் மண்டியிட்டான். கையை உயர்த்தினான்.

"'அப்பா, இரு'ன்னான்," என்றான்.

துணியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.

"கேட்டுச்சு. காதுல விழுந்துச்சு, வனீஸம்மா. கை அதுக்கு முந்திருச்சு. மாத்திரை போட்டிருந்தது நானு. இவன் சுவிட்ச அணைச்சவன்."

இன்ஷிராஹ் அகப்பையைப் பார்த்தாள். அது கையில் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது போல் பார்த்தாள். கோதுமைக் கூழ் அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு இறங்கி வந்தாள். கணவனைக் கடந்துபோய், ஜரீஃபின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அவன் எடையே இல்லாமல் எழுந்தான். அவனை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

---

கூட்டம் கலைய நேரம் ஆகவில்லை. பார்க்க வந்தவர்களுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. நாஷித் அம்மா போகும்போது தரையில் துப்பினாள். சாபித் மட்டும் கொஞ்சம் தள்ளி, தெருக் கல்லில் உட்கார்ந்தான். சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். வாயை மூட முடியாதவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

கத்தாஸ் எழுந்திருக்கவில்லை. தோள் கடுத்தது, முழங்கையை இடுப்போடு ஒட்டி, துணியை மண்ணில் படாமல் பிடித்திருந்தான். துணியை வைத்துவிட்டு எழுந்து போகலாம். வழக்கம் அதைத் தடுக்காது. வாங்கப்படாத துணிக்காரன் போய்விட வேண்டியதுதான். போகிற வழியில் எவன் சுட்டாலும் கேள்வி இல்லை, அவ்வளவுதான். அவன் போகவில்லை. எங்கே போவது என்று தெரியாததும் ஒரு காரணம். உள்ளே இருமல் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. அவள் அழவில்லை, வையவில்லை. ஒருவேளை தம்பியின் மூச்சு நின்றுவிட்டதோ. தட்டவும் உரிமை இல்லை.

பொழுது இறங்கும்போது மாலை வாசிப்புக்கு மணி அடித்தது. அபூனா பிஸந்தி வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அந்தத் தெரு வழியாக வந்தார். ஊர் அவரிடம் சொல்லியிருக்கும். வாசல் முன்னால் நின்று, கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தார். கத்தாஸின் வெறுங்காலைப் பார்த்தார்.

"வந்துட்டியா," என்றார். வேறெதுவும் சொல்லாமல் கோயிலுக்குப் போய்விட்டார்.

தாழ்ப்பாள் திறந்தது.

இன்ஷிராஹ் கறுப்புச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. படியில் நின்று தெருவைப் பார்த்தபடி பேசினாள்.

"ரெண்டு வாய் கோதும தின்னான். தூங்குதான். சாபித்து, ஒம்பொண்டாட்டிய வரச் சொல்லு. நான் கோயிலுக்குப் போயிட்டு வார வரைக்கும் கூட ஒக்காந்திருக்கட்டும்."

சாபித் தப்பித்தோம் என்று எழுந்து போனான்.

அவள் அப்போதும் கணவனைப் பார்க்கவில்லை.

"எட்டு வருசம்," என்றாள். "ஒவ்வொரு நாளும் மாதா படத்துக்கு முன்னால நின்னு, அவன் நெஞ்சு அடைச்சுச் சாகணும்னு வேண்டிக்கிட்டேன். நெஞ்சு அடைச்சுன்னு சொல்லித்தான் வேண்டிக்கிட்டேன். நீ பக்கத்துலதான் படுத்திருந்த. கேட்டுக்கிட்டுத்தான் இருந்த."

"கேட்டேன்."

"இந்தப் பாவத்த நான் எங்க கொண்டுபோய்க் கழுவுவேன்? சொல்லு. ஒம்பாவத்துக்கு ஒருத்தன் செயிலுக்குப் போனான். எம்பாவத்துக்கு யாரு போவா?"

 அவள் அவனிடம் பதில் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. கோயிலில் வாசிப்பு தொடங்கிவிட்டது. அந்த வாரத்துக்கே உரிய, இழுத்து இழுத்துப் பாடும் சோக ராகம் தெருமுனை வரை வந்தது. அவள் படியிறங்கினாள். அவனைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள்.

"கையத் தாழ்த்தாத. மண்ணு படுது."

அவன் உயர்த்தப் பார்த்தான். முடியவில்லை, கை மரத்து நடுங்கியது. துணியின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது.

அவள் திரும்பி வந்தாள்.

"குடு."

"வனீஸம்மா..."

"பேசாத. அவனுக்கு வேணும். நல்ல துணி. இன்னொண்ணு வாங்க எங்க போறது."

அவன் கையிலிருந்து கோடித்துணியை எடுத்தாள். தொங்கிய முனையை உதறி மண்ணைத் தட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கையில் ஏந்தி நிற்கிறவனிடமிருந்து துணியை வாங்கினால் என்ன பொருள் என்று எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரியாதது போல் முகத்தை வைத்துக்கொண்டு நடந்தாள்.

கொஞ்ச தூரம் போய், திரும்பாமலே சொன்னாள்:

"செருப்ப எடுத்துக்கோ. நாய் தூக்கிட்டுப் போயிரும்."

கத்தாஸ் செருப்பை எடுத்தான். காலில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் பிடித்துக்கொண்டு, அவள் பின்னால் கோயிலுக்கு நடந்தான்.